லாபம், ரெண்டு, மூணு

களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் மரக்காலை யாரும் ‘ஒண்ணு’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்று வாய் நிறையச் சொல்லிச் சாக்கில் கொட்டுவார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். இப்போது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக எடைபோட்டுத் தைத்து அடுக்கிவிடுகிறார்கள், மரக்கால் பரணேறிவிட்டது. எங்கள் சித்தப்பா மட்டும் இன்னும் எதை எண்ணினாலும் லாபத்தில்தான் தொடங்குவார். கல்யாணப் பந்தியில் இலை எண்ணும்போதுகூட.

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் திருப்பனந்தாள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகிற சாலையில் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே பனை உண்டு. செஞ்சடையப்பர் கோயிலின் தலமரமும் பனைதான். காசித் திருமடம் இருக்கிற ஊர் என்பதால் ஏடு, பதிப்பு, பாடவேறுபாடு என்ற பேச்செல்லாம் இங்கே டீக்கடை வரைக்கும் புழங்கும். குமரகுருபரரின் பிரபந்தங்களை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த கதையைச் சித்தப்பா வகுப்பில் சொல்லாத வருஷம் கிடையாது. அந்தப் பித்து கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டது. பணி ஓய்வுக்குப் பிறகு, சுற்றுவட்டாரத்தில் உறவினர் வீட்டுப் பரண்களில் கிடந்த ஓலைக்கட்டு, நிலக்கணக்கு நோட்டு, ஓரம் உதிரும் பழைய அச்சுநூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கைப்பேசியில் படமெடுக்கத் தொடங்கினார். வீட்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் கட்டுக்கு ஒரு கோப்புறை. எல்லாம் உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்க் ஒன்றில் அடங்கிவிட்டன.

தை மாதம் அறுப்பு முடிகிற நேரத்தில் நான் போயிருந்தேன். ஒரு நூலகத்துக்கு அந்தப் படங்களின் பிரதியைக் கொடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். ‘மொத்தக் கோப்புகள்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“தம்பி, என் நோட்டுல 6,197ன்னு இருக்கு. கம்ப்யூட்டர் 12,465ங்குது. நான் என்ன தூக்கத்துலயா போயி படம் எடுத்தேன்?”

கோப்புறையின் மேல் சுட்டியை வைத்து, வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ராபர்ட்டீஸ்’ பார்த்திருக்கிறார். கோப்புறைகளின் கணக்கும் உதைத்தது. நோட்டில் 82, திரையில் 83. நான் என் லினக்ஸ் மடிக்கணினியில் டிஸ்கைச் செருகி, கட்டளை வரியில் எண்ணிப் பார்த்தேன். எனக்கு 84 வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் யாப்பு தெரியாமல் விழித்த பையன்களுக்கென்று அவர் வைத்திருந்த பார்வை.

ஒரே டிஸ்க், மூன்று கணக்கு. கணினி எண்ணுவதில் தவறாது என்று நாம் நம்புகிறோம், அது சரிதான். எதை எண்ணுகிறது என்பதில்தான் வில்லங்கம்.

கட்டளை வரி என்பது சினிமாவில் கள்ளச்சாவிக்காரர்கள் தட்டும் அந்தக் கறுப்புத் திரைதான். அதில் கோப்புகளை எண்ண உலகம் முழுக்கப் பலரும் தட்டும் வரி ஒன்று இருக்கிறது. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். படிக்க வாகாக இங்கே தமிழில் எழுதுகிறேன். ‘ஃபைண்ட்’ என்ற கட்டளை ஒரு கோப்புறைக்குள் இறங்கி, அதனுள் இருக்கும் கோப்புறை, அதற்கும் உள்ளே இருப்பது என்று மூலை முடுக்கெல்லாம் துழாவி, கண்ணில் பட்ட ஒவ்வொன்றின் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். ‘-டைப் எஃப்’ என்று கூடச் சொன்னால் கோப்புகள் மட்டும், ‘-டைப் டி’ என்றால் கோப்புறைகள் மட்டும். அந்தப் பட்டியலை ‘டபிள்யூசி -எல்’ என்ற இன்னொரு கட்டளைக்குத் திருப்பிவிட்டால், எத்தனை வரி என்று அது எண்ணிச் சொல்லும்.

இதில் எண்ணுகிற வேலைக்கென்று தனியாக ஒரு கருவி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று தேடுகிறது, மற்றொன்று வரியை எண்ணுகிறது. தான் எண்ணுவது கோப்பா கத்தரிக்காயா என்று டபிள்யூசிக்குத் தெரியாது. ‘வேர்ட் கவுண்ட்’, அதாவது சொல் எண்ணி, என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயக்குதளத்துக்கு 1971 நவம்பரில் முதல் கையேடு வந்தது. அதிலேயே டபிள்யூசியும் ‘எல்எஸ்’ என்ற பட்டியல் கட்டளையும் இருக்கின்றன. அந்த ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுத்ததுதான் யூனிக்ஸ் பார்த்த முதல் உருப்படியான வேலைகளில் ஒன்று. சொல் எண்ணப் பிறந்த கருவி இன்று திருப்பனந்தாளில் ஓலைப் படங்களை எண்ணுகிறது.

இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே நிற்கும் நெட்டுக்கோட்டுக்குப் ‘பைப்’, குழாய், என்று பெயர். டக் மெக்கில்ராய் 1964இலேயே இந்த யோசனையை ஒரு குறிப்பில் எழுதினார்: தோட்டத்து ரப்பர் குழாயில் துண்டுக்குத் துண்டு மாட்டுவதுபோல நிரல்களை ஒன்றோடொன்று மாட்ட வேண்டும். 1973இல் தாம்ப்சன் அதைச் செய்துகாட்டினார். டெல்டாக்காரனுக்கு ரப்பர் குழாய் உவமை தேவையில்லை. திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை நிற்கிறது. அங்கே தேங்கும் தண்ணீர் வடவாற்றில் இறங்குகிறது. வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. ஏரியிலிருந்து குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் எந்த மலையில் பெய்த மழை என்ற கவலை இல்லை. வந்ததை வாங்கி, தன் வேலையைச் செய்து, அடுத்த மடைக்கு விடும். பைப்பும் அவ்வளவுதான்.

இனி என் 84. ஃபைண்ட் தேடத் தொடங்கும்போது, நிற்கிற கோப்புறையையும் சேர்த்தே பட்டியலிடும். ஒற்றைப் புள்ளியாக அது முதல் வரியில் வரும். ‘வீட்டில் எத்தனை அறை?’ என்று கேட்டால் வீட்டையும் ஓர் அறையாகச் சேர்த்துச் சொல்வதுபோல. அதைக் கழித்தால் 83, திரையில் சித்தப்பா பார்த்த கணக்கு. ‘எல்எஸ் -எல்’ கட்டளையை டபிள்யூசிக்குத் திருப்பிவிடுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று கூடிவிடும். அந்தப் பட்டியலின் தலைவரி ‘டோட்டல்’ என்று தொடங்கும். பக்கத்தில் ஓர் எண். அதைக் கோப்புகளின் தொகை என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு. அவை வட்டில் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்ற அளவு அது. அந்த வரியும் ஒரு வரிதானே, எண்ணிக்கையில் ஒன்று ஏறிவிடும். விண்டோஸின் பழைய ‘டிர்’ கட்டளை இதற்கும் ஒரு படி மேல்: கோப்புறைக்குள் இருக்கும் ஒரு காலிக் கோப்புறையில் நின்று கேட்டால் ‘2 கோப்புறைகள்’ என்று பதில் சொல்லும். ஒன்று தன்னையே, இன்னொன்று தன் தாய்க் கோப்புறையை.

இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்துவிட்டார். “நம்ம லாபத்துல நெல்லு இருக்கும்டா. உன் லாபம் வெறும் பேச்சால்ல இருக்கு!”

கோப்புகளின் கணக்கைத் தீர்ப்பது இவ்வளவு சுலபமாக இல்லை. ஃபைண்ட் எனக்கும் 12,465 என்றே சொன்னது. ஆனால் கோப்புறைகளைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை. பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைந்திருக்கும் என்பது யூனிக்ஸ் வழக்கம். இது யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த விதி இல்லை என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் பின்னாளில் எழுதினார். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ‘நான்’ என்று ஒற்றைப் புள்ளியும் ‘என் தாய்’ என்று இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியலில் இவை இரண்டும் இடைஞ்சலாக வருகின்றனவே என்று, முதல் எழுத்து புள்ளியானால் தாண்டிப் போ என எல்எஸ் கட்டளையில் சுருக்கமாக ஒரு சோதனை எழுதிவைத்தார்கள். இரண்டை மறைக்க எழுதியது, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்தது. அப்புறம் நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் போட்டுவைக்க அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சோம்பலில் விட்ட ஓட்டை, அரை நூற்றாண்டாக மரபு. கணினித் துறையில் சாஸ்திரம் என்று நாம் பயபக்தியோடு படிப்பதில் பாதி இந்த ரகம்.

புள்ளியில் தொடங்கும் பெயர்களை மட்டும் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிழல் கோப்பு இருந்தது: புள்ளி, அடிக்கோடு, பிறகு அதே பெயர். ஆறாயிரத்துச் சொச்சம் நிழல்கள். சித்தப்பா மகளின் மடிக்கணினி வேறு வகை. அதன் வழியாகத்தான் படங்களை டிஸ்கில் ஏற்றியிருக்கிறார்கள். சில இயக்குதளங்கள் கோப்போடு கூடுதல் குறிப்புகளையும் வைத்துக்கொள்ளும். வெளி வட்டுகளில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் போன்ற அமைப்பில் அந்தக் குறிப்புக்கு இடம் இல்லை. ஆகவே பக்கத்தில் ஒரு துணைக் கோப்பைப் போட்டு அதில் எழுதிவைக்கும். சொந்த இயக்குதளத்தில் அது கண்ணுக்குப் படாது. வேறு கணினியில் செருகினால் எண்ணிக்கையில் ஏறிவிடும். இவை போக, கோப்புறையை ஜன்னலில் எப்படி அடுக்கிக் காட்டுவது என்று நினைவு வைத்துக்கொள்ளும் கோப்பு வகை ஒன்று, 37 இடங்களில். புள்ளிப் பெயர்களையெல்லாம் விலக்கி மறுபடி எண்ணினேன். 6,214.

இன்னும் பதினேழு உதைத்தது. சித்தப்பா நோட்டு தவறாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

வழியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது, சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 அமைப்பில், ஒரு கோப்புறைக்குள் நேரடியாக எத்தனை கோப்புறைகள் உள்ளன என்பதை எண்ணாமலே அறியலாம். கோப்புறை என்றால் என்ன? பெயர்களும் அவற்றுக்கு நேரே எண்களும் எழுதிய ஒரு பேரேடு. அந்த எண் ‘ஐநோடு’ எண். கோப்பின் உண்மையான இருப்பிடம், அளவு, தேதி எல்லாம் அந்த எண்ணுக்குரிய குறிப்பில்தான் இருக்கும். கோப்பு என்பது ஐநோடுதான். பெயர் என்பது அதற்கு ஒட்டிய சீட்டு. ஒரே ஐநோடுக்கு எத்தனை சீட்டு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கையும் இயக்குதளம் வைத்துக்கொள்ளும். நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறோமே, அதேபோல ஒவ்வொரு கிளைக் கோப்புறையும் இரட்டைப் புள்ளி என்ற பெயரில் தாயைச் சுட்டிக்கொண்டிருக்கும். தாய்க்கு அது ஒரு சீட்டு. ஆக, ஒரு கோப்புறையின் சீட்டுக் கணக்கில் அதன் சொந்தப் பெயருக்கு ஒன்று, ஒற்றைப் புள்ளிக்கு ஒன்று என இரண்டைக் கழித்தால் மீதி பிள்ளைகளின் எண்ணிக்கை. ஊரில் இந்த இனிஷியல் யார் யாருக்கு என்று பார்த்துப் பிள்ளைகளை எண்ணுகிற வித்தை. எல்லாக் கோப்பு அமைப்புகளிலும் இது செல்லாது. பிடிஆர்எஃப்எஸ் அமைப்பில் எல்லாக் கோப்புறைக்கும் ஒன்று என்றே காட்டும். எக்ஸ்ட்4இலும் 64,998க்கு மேல் போனால் கணக்கைக் கைவிட்டு ஒன்று என்று சொல்லிவிடும். அத்தனை பிள்ளை பெற்ற பிறகு யார்தான் எண்ணுவார்கள்?

இந்த ஐநோடுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எக்ஸ்ட்4 அமைப்பில் வட்டை வடிவமைக்கும்போதே இத்தனை ஐநோடு என்று ஒதுக்கிவிடுவார்கள். வழக்கமான கணக்கு 16 கேபி இடத்துக்கு ஒன்று. ஒரு டெராபைட் வட்டில் சுமார் 6 கோடி. துண்டும் துக்காணியுமாகச் சின்னஞ்சிறு கோப்புகளைக் கோடிக்கணக்கில் குவித்தால், வட்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று சொல்லிவிடும். மூட்டை வைக்கக் குடோனில் இடம் இருக்கிறது, பதிவேட்டில்தான் பக்கம் தீர்ந்துபோனது.

பதினேழுக்குத் திரும்புவோம். வரியை எண்ணும் முறையிலேயே ஒரு பலவீனம் உண்டு. யூனிக்ஸ் வகை அமைப்புகளில் கோப்புப் பெயருக்குள் சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதையும் வைக்கலாம், வரிமுறிவைக்கூட. அப்படி ஒரு பெயர் இருந்தால் ஒரு கோப்பு இரண்டு வரியாக விழும், டபிள்யூசி இரண்டு என்று எண்ணும். தப்பிக்க ஒரு வழி, பெயரையே எழுதச் சொல்லாமல் கோப்புக்கு ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லி, வரிகளுக்குப் பதில் புள்ளிகளை எண்ணுவது. லாரியில் மூட்டை ஏறும்போது பக்கத்தில் நிற்கிறவர் அட்டையில் கோடு போடுவாரே, அதுதான். மூட்டைக்குள் பொன்னியா, வேறு நெல்லா என்று கோடு கேட்காது. புள்ளி முறையிலும் 6,214தான் வந்தது.

அப்படியானால் சில படங்கள் இரண்டு முறை ஏறியிருக்க வேண்டும். இதைப் பெயரால் கண்டுபிடிக்க முடியாது, உள்ளடக்கத்தால் கண்டுபிடிக்கலாம். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் அரைத்து ஒரு குறுகிய கைரேகை எழுப்பும் கணக்குமுறைகள் உள்ளன. எஸ்ஹெச்ஏ-256 அவற்றில் ஒன்று. ஒரு பைட் மாறினாலும் ரேகை மாறிவிடும். எல்லாப் படங்களுக்கும் ரேகை எடுத்து, வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து ஒரே மாதிரி வருவதை எண்ணு என்று மூன்று மடைகளைக் குழாயால் இணைத்தேன். கிழ மடிக்கணினி, சித்தி காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, டம்ளரை வாங்கிக்கொண்டும் போய்விட்டார். பிறகு திரையில் பதினேழு ஜோடிகள் விழுந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு படம் ‘கொத்தங்குடி’ என்ற கோப்புறையில் இருந்தது. மற்றொன்றும் ‘கொத்தங்குடி’ என்ற கோப்புறையில்தான் இருந்தது.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது. ஆனால் இருந்தன. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று.

இந்த இடத்தில் தமிழ் எழுத்துகள் கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். நமக்கு எழுத்து 247. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இருக்கும் குறிகள் 72 மட்டும். உயிர்மெய் வரிசை முழுவதையும் தனித்தனியாகக் கொடுக்காமல், அகரமேறிய மெய்யையும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியையும் புள்ளியையும் கொடுத்து, சேர்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். பைட் கணக்கில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘திருப்பனந்தாள்’ என்ற பெயரை டபிள்யூசியிடம் கொடுத்தேன். ‘-எம்’ என்று கேட்டால் 14. ‘-சி’ என்று கேட்டால் 42. சித்தப்பா விரல்விட்டு எண்ணினார்: தி, ரு, ப், ப, ன, ந், தா, ள். எட்டு. மூன்றும் சரி. இதில் ‘-சி’ என்பது ஆங்கிலத்தில் எழுத்து என்ற சொல்லின் முதலெழுத்து. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று இருந்த காலத்தில் வைத்த பெயர். இப்போது பைட்டை எண்ணுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வேண்டும் என்ற வாதம் சும்மா எழுந்ததல்ல. அப்படி அமைத்த டேஸ்-16 முறையை 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. ஆனால் உலகம் யூனிகோடோடு போய்விட்டது.

‘கொ’ என்ற எழுத்தில்தான் முடிச்சு. நம் கண்ணுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி என்று ஒரே குறியாகப் போடலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் போடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. திரையிலும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும். ஆனால் பல கோப்பு அமைப்புகள் பெயரைப் பைட்டாகவோ குறியாகவோ மட்டுமே பார்க்கின்றன, இலக்கணம் பார்ப்பதில்லை. இரண்டு கொத்தங்குடிகளையும் டபிள்யூசியிடம் கொடுத்தேன். ஒன்று 33 பைட், மற்றொன்று 36. சித்தப்பா ஒன்றைக் கைப்பேசியில் அடித்திருக்கிறார். இன்னொன்றை, பழைய தட்டச்சு முறையில் பழகிய ஒருவர் கணினியில் அடித்துக்கொடுத்திருக்கிறார். தட்டச்சுக் கை கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும்தானே அடிக்கும்.

ஒரு கோப்புறையை நீக்கியதும் 6,197. கோப்புறை 82. நோட்டுப்படியே.

“நான் சொன்னப்பவே கேட்டிருந்தா காப்பியாவது ஆறாம குடிச்சிருக்கலாம்” என்றார்.

ஆனாலும் எனக்கு ஒரு பயம் மிச்சமிருந்தது. எக்ஸ்ட்4 அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு மூன்றால் வகுத்தால் 85 குறி, நம் எழுத்துக் கணக்கில் ஐம்பது சொச்சம்தான் தேறும். எக்ஸ்ஃபேட் வட்டு தமிழுக்கும் 255 குறி வரை அனுமதிக்கும். ஆகவே வட்டில் சௌக்கியமாக இருக்கும் ஒரு நீளத் தமிழ்ப் பெயர், லினக்ஸ் கணினிக்குப் பிரதி எடுக்கும்போது ‘பெயர் நீளம்’ என்று திரும்பிவிடும். இருநூறு வரி ஓடும் திரையில் அந்த ஒரு வரியை நாம் கவனிக்க மாட்டோம். பிரதி எடுத்த பிறகு இரு பக்கமும் எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. சித்தப்பா சிக்கனமாகப் பெயர் வைப்பவர், எதுவும் தவறவில்லை.

படிவத்தில் 6,197 என்று எழுதினார். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது: ‘சுவடிகள் / நூல்களின் எண்ணிக்கை’.

இங்கே ஃபைண்ட் கட்டளைக்கு வேலை இல்லை. ஒரு படத்தில் நான்கு ஏடுகளை அடுக்கி எடுத்திருக்கிறார். ஏட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு கட்டு என்பது ஒரு நூல் என்றும் சொல்ல முடியாது. ஏடு எழுதியவர்கள் ஓலையை வீணாக்க மாட்டார்கள். ஒரு நூல் முடிந்த இடத்தில் இன்னொன்றைத் தொடங்கிவிடுவார்கள். பெரிய நூலானால் இரண்டு மூன்று கட்டுகளில் பரவும். கட்டு அவிழ்ந்து மாற்றிக் கட்டியிருந்தால் இன்னும் குழப்பம். ஏட்டின் ஓரத்தில் இருக்கும் தமிழ் எண்களை நம்பித்தான் கோக்க வேண்டும். சுவடிகளின் தொகை எங்கேயாவது அச்சில் வந்தால் நான் இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைத்தான் முதலில் படிக்கிறேன். 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்த புதுச்சேரி சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000 என்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்டு’ என்று வைத்தால் ஒரு பொருள், ‘நூல்’ என்று வைத்தால் வேறு. தஞ்சை அரண்மனை சரஸ்வதி மகாலின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு பர்னல் 1880இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து பி.பி.எஸ்.சாஸ்திரி அதே சேமிப்பை விவரிக்க 19 தொகுதிகள் தேவைப்பட்டன. சுவடிகள் கூடியது ஒரு பக்கம், பிரித்துப் பார்க்கிற கண் கூர்மையானது மறுபக்கம்.

மின்னூலிலும் இதே கதைதான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களுக்கு வரிசை எண் கொடுத்து இணையத்தில் ஏற்றியது. சின்ன நூலுக்கு ஒரு கோப்பு போதும். பொன்னியின் செல்வன் போன்ற நாவல் ஒரே எண்ணின் கீழ்ப் பல கோப்புகளாகக் கிடக்கும். கோப்பை எண்ணி இத்தனை நூல் என்று சொன்னால் கல்கி பல நூலாகிவிடுவார்.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா கையமர்த்தினார். “தொல்காப்பியத்துல எத்தனை நூற்பா?” என்றார். நான் ஆயிரத்து அறுநூறு சொச்சம் என்றேன். “யாரு கணக்குப்படி? இளம்பூரணர் ஒண்ணா எடுத்ததை நச்சினார்க்கினியர் ரெண்டாப் பிரிப்பார். அவர் பிரிச்சதை இன்னொருத்தர் சேர்ப்பார். வரி ஒண்ணுதான், எண்ணிக்கை வேற. உன் பெல் ஆய்வகத்துக்கு முன்னாடியே எங்காளுங்க இந்தச் சண்டையை முடிச்சுட்டாங்க. முடிக்கலை, இன்னும் நடக்குது.”

மறுநாள் காலை நான் கிளம்பும்போது திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, முதல் கட்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். நோட்டில் புதுப் பக்கம். மேலே ‘லாபம்’ என்று எழுதி, நேரே நூலின் பெயர்: கந்தர் கலிவெண்பா. அதன்கீழ் ‘2’ என்று எழுதிவிட்டுப் பேனா நின்றிருந்தது.

“கலிவெண்பா முடிஞ்ச ஏட்டுலயே கீழ வேற கையெழுத்துல மருந்துக் குறிப்பு ஆரம்பிக்குது தம்பி. மூணு ஏட்டோட நின்னுபோச்சு. மீதி இல்லை. இதை ஒண்ணுன்னு எடுத்துக்கலாமா?”

கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.